தாத்தா பாட்டி படத்தைத் தெளிவாகப் பிரதி எடுப்பது எப்படி?

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த பல குடும்பங்களிடம் அந்தக் காலத்தின் சாட்சியாக நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. கல்யாணத்தன்று எடுத்த படம், கோயில் திருவிழாவில் லயத்து ஆட்கள் வரிசையாக நிற்கும் படம், 1948இல் மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியபோது எடுத்த சிறிய படம். அந்தச் சிறிய படத்தைத் தவிர வேறு படமே இல்லாத பாட்டன்மாரும் உண்டு. நம் நாட்டு வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து இவற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது, முகங்கள் மங்குகின்றன.

ஆகவே, பிள்ளைகள் இவற்றைக் கேமராவில் பிரதி எடுத்து வைக்கிறார்கள். எடுத்தவுடன் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால் எல்லாம் தெளிவாகவே தெரியும். கணினியில் திறந்து பெரிதாக்கும்போதுதான், பின்வரிசையில் நிற்பவர்களின் முகங்கள் கலங்கியிருப்பது தெரியவரும். பெரும்பாலும், ஃபோகஸ் எனப்படும் குவியம் சில மில்லிமீட்டர் விலகியதே இதற்குக் காரணம்.

திரை ஏன் ஏமாற்றுகிறது?

24 மெகாபிக்சல் கேமரா ஒரு படத்தை 24 மில்லியன் புள்ளிகளாகப் பதிவு செய்கிறது. பின்பக்கத்து மூன்று அங்குலத் திரையிலோ பொதுவாக மூன்றரை லட்சம் புள்ளிகள்தான் இருக்கும். அதாவது, ஏறக்குறைய 70 புள்ளிகள் சுருங்கி ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. சிறு கலங்கல் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும்.

லைவ் வியூவில் உருப்பெருக்கும் வசதி இதற்குத்தான். 2005இல் விண்மீன்களைப் படம் எடுப்பவர்களுக்காக வந்த கேனன் இஓஎஸ் 20டிஏ கேமராவில் இது இருந்தது. இன்று பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கிறது. பூதக்கண்ணாடியும் கூட்டல் குறியும் போட்ட பொத்தானை அழுத்தினால் திரையில் தெரிவது 5 மடங்கு, பிறகு 10 மடங்கு பெரிதாகும். 10 மடங்கில் படத்தின் ஒரு சிறு மூலை மட்டுமே திரையை நிரப்பும். அப்போது சென்சார் உண்மையில் எதைப் பதிவு செய்கிறதோ அதையே கண் பார்க்கிறது.

செய்யும் முறை

முதலில் கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். படமும் லென்சும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் கலங்கும். இரு பக்கமும் ஒரே மாதிரியான விளக்குகளைச் சாய்வாக வையுங்கள்.

லென்சின் பொத்தானை எம்எஃப் பக்கம் தள்ளி, லைவ் வியூவைத் திறந்து, 10 மடங்கு பெரிதாக்குங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கையால் குவிக்கும்போது முகத்தையே பார்க்கிறார்கள். பழைய படத்தில் அந்த முகம் அன்றைக்கே கலங்கலாக விழுந்திருக்கலாம். எவ்வளவு திருப்பினாலும் அது தெளியாது. எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. ஆகவே குவிக்க வேண்டியது தாளின் மேற்பரப்பை. ஒரு கீறல், பூஞ்சணப் புள்ளி, ஸ்டூடியோ முத்திரை, ஓரத்தில் மையால் எழுதிய பெயர், இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். குவிவளையத்தை மெல்லத் திருப்பி, அது கூர்மையாகி மீண்டும் மங்கத் தொடங்கும் வரை போங்கள். பிறகு சற்றே பின்னுக்கு வந்து, மிகக் கூர்மையான இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து, உருப்பெருக்கிய பெட்டியை நான்கு மூலைகளுக்கும் நகர்த்திப் பாருங்கள். பழைய தாள் சுருண்டிருக்கும். மூன்று அங்குலப் படத்தை நெருங்கி எடுக்கும்போது, எஃப் 2.8இல் தெளிவு நிற்கும் ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. எஃப் 8இல் நான்கைந்து மில்லிமீட்டர் கிடைக்கும். லேசான சுருளை அது தாங்கிக்கொள்ளும். துளையைத் திறந்து வைத்துக் குவித்து, எஃப் 8க்கு மாற்றி ஒருமுறை சரிபார்த்த பின் எடுங்கள். இரண்டு வினாடி டைமரைப் பயன்படுத்தினால் விரல் பட்டு கேமரா அசையாது.

கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம். ஆனால், கண்ணாடியின் மேலுள்ள தூசியில் குவியம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி மட்டுமே இருப்பவர்கள், அதன் புரோ முறையில் கையால் குவிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில கைப்பேசிகளில் குவிக்கும்போது அந்த இடம் பெரிதாகத் தெரியும்.

தெளிவான பிரதி கிடைத்ததும் அதைக் கணினியில் பெரிதாக்கி வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். தாளில் கடுகளவு தெரிந்த முகம் திரை நிறைய வரும்போது, பின்வரிசையில் நிற்பவர் எந்த லயம், யார் மகன் என்று அவர்களால் சொல்ல முடியலாம். சொல்வதை அப்போதே எழுதி, படத்தோடு சேர்த்து வையுங்கள். பிரதி இருக்கிறதே என்று மூலப் படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.