துகள்களை எண்ணிய டாக்கா ஆசிரியர்

டாக்கா சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்துவந்த சத்யேந்திரநாத் போஸ், தமது முப்பதாவது வயதில், 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, தாம் எழுதிய சிறு வியாசம் ஒன்றைப் பெர்லினிலிருந்த ஐன்ஸ்டீனுக்கு அனுப்பி, பிரசுரிக்கத் தகுந்ததென்று தோன்றினால் ஜெர்மானியப் பத்திரிகை ஒன்றில் வெளிவர உதவவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். முன்பின் அறிமுகமில்லாத அவருடைய விண்ணப்பத்தை ஐன்ஸ்டீன் அலட்சியம் செய்யவில்லை. தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமானதொரு முன்னேற்றம் என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடச் செய்தார்.

சூடேறிய பொருளிலிருந்து எழும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் 1900-லேயே கண்டிருந்த சூத்திரம் சோதனைகளோடு அற்புதமாகப் பொருந்தியதாயினும், அதை நிரூபிக்க முனைந்தவர்கள் ஏதேனும் ஓரிடத்தில் பழைய கொள்கைகளின் துணையை நாடவேண்டியிருந்தது. அந்த முரண்பாடு மாணவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் மனத்தை உறுத்தியது. ஒளியை முழுக்கத் துகள்களாகவே கொண்ட போஸ், அவற்றை எண்ணும் முறையையே மாற்றிவிட்டார். இரண்டு துகள்களை இரண்டு அறைகளில் இடுவதாகக் கொள்வோம். ஒன்றை ராமன் என்றும் மற்றதைக் கிருஷ்ணன் என்றும் அழைக்க முடியுமானால், இருவரும் முதல் அறையில், இருவரும் இரண்டாம் அறையில், ராமன் இங்கே கிருஷ்ணன் அங்கே, கிருஷ்ணன் இங்கே ராமன் அங்கே என நான்கு விதங்கள் உண்டு; சேர்ந்திருப்பது அவற்றில் பாதி. பெயரிட்டுப் பிரித்தறியவே இயலாத துகள்களாயின் கடைசி இரண்டும் ஒன்றேயாகி, விதங்கள் மூன்றாகக் குறைகின்றன. சேர்ந்திருப்பதோ மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்துவிடுகிறது. கூடி வாழ்வதே ஒளித்துகளின் சுபாவம் என்னும் பேருண்மை இவ்வளவு சிறிய கணக்கில் அடங்கியிருப்பது என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது. தாம் புதிதாக ஏதும் செய்துவிட்டதாக அப்போது தமக்குத் தோன்றவில்லை என்று போஸே பிற்காலத்தில் சொன்னார்.

இக்கணக்கை அணுக்களுக்கும் விரித்த ஐன்ஸ்டீன், கடுங்குளிரில் அவற்றுள் பெரும்பகுதி ஒரே நிலையில் ஒடுங்கிவிடும் என்று ஊகித்தார். 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியைக் கோடி கூறாக்கி அவற்றில் இரண்டு கூறுக்கும் குறைவான குளிரில், சுமார் இரண்டாயிரம் ரூபிடியம் அணுக்கள் அவ்வாறே ஒடுங்கின. அந்தச் சாதனைக்காக 2001-இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர்; போஸுக்கு அது ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆனால் பிரபஞ்சத்தின் அடிப்படைத் துகள்களில் ஒரு வகுப்புக்கே பௌதிக அறிஞர் டிராக் அவர் பெயரைச் சூட்டியிருக்க, அவருக்குக் கிட்டாததை எண்ணி வருந்துவது அவசியமென்று நான் கருதவில்லை.

ஐரோப்பாவில் இரண்டாண்டு தங்கி, பாரிஸில் ஆராய்ச்சி செய்து, பெர்லினில் ஐன்ஸ்டீனையும் நேரில் கண்டு திரும்பிய போஸ், டாக்டர் பட்டம் இல்லாமலே டாக்காவில் பேராசிரியரானார். எஸ்ராஜ் என்னும் தந்தி வாத்தியத்தை வாசிப்பதில் வல்லவர். தாம் வங்க மொழியில் எழுதிய விஞ்ஞான நூலான 'விசுவ பரிசய'த்தை 1937-இல் தாகூர் அவருக்கே சமர்ப்பித்தார். தாய்மொழியில் விஞ்ஞானம் பரவவேண்டுமென்ற விரதத்தைப் போஸ் வெறும் பிரசங்கத்தோடு நிறுத்தாமல், 1948-இல் வங்காள விஞ்ஞானப் பரிஷத்தை ஸ்தாபித்து, அதன் மாதப் பத்திரிகை மூலம் சாதாரண வாசகனுக்கும் அணுவின் சமாசாரத்தை அவனுடைய பாஷையிலேயே எடுத்துரைக்க வழிசெய்தார்.