மருந்துக்கு அடங்காத கிருமியும் வைத்தியசாலையின் வேலை ஒழுங்கும்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படுகிறது. கிருமி அதற்கு எதிர்ப்பாற்றல் பெறுகிறது. உடனே அடுத்த மருந்து தேடப்படுகிறது. இவ்வாறு நோக்கின் இது இரசாயனவியலாளர் தீர்க்கவேண்டிய பிரச்சினையாக மட்டுமே தோன்றும். ஆயின், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி ஒரு நோயாளரிடமிருந்து மற்றொரு நோயாளரை எவ்வாறு சென்றடைகின்றது என்னும் வினா அங்கு மறைந்துவிடுகின்றது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்குப் பற்றீரியாக்களின் மருந்தெதிர்ப்பு நேரடிக் காரணமாயிற்று என மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், அவ்வினாவை ஆராய்தல் அவசியமாகின்றது.

இலண்டன் தந்த பாடம்

ஸ்ரபிலோகொக்கஸ் என்னும் கிருமி மனிதரின் தோலிலும் மூக்கினுள்ளும் தீங்கின்றி வாழ்வது. காயத்தின் வழியே உட்புகுந்தால் சீழையும் குருதித் தொற்றையும் விளைவிப்பது. பெனிசிலின் இதனை இலகுவில் அழித்தது. ஆயினும், இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் மேரி பாபர் என்னும் நுண்ணுயிரியலாளர் நோயாளரிடமிருந்து பெற்ற ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிகளைச் சோதித்தபோது, பெனிசிலினுக்கு அடங்காதவை 1946இல் நூற்றுக்கு 14 ஆகவும், 1947இல் 38 ஆகவும், 1948இல் 59 ஆகவும் உயர்ந்திருந்தமை தெரியவந்தது.

இவ்வுயர்வுக்கு அவர் கண்ட காரணமே முக்கியமானது. சிகிச்சை பெறும் ஒவ்வொரு நோயாளரிடத்தும் கிருமி புதிதாக மாற்றமடையவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தை இயல்பாகவே கொண்டிருந்த சில கிருமிகள், ஏனையவை மருந்தால் அழிய, எஞ்சிப் பெருகின. பின்னர் அவை வைத்தியசாலைக்குள்ளேயே ஆளிலிருந்து ஆளுக்குப் பரவின. எனவே பிரச்சினைக்கு இரு வாயில்கள் உள்ளன: ஒன்று மருந்தின் அளவிறந்த பயன்பாடு, மற்றையது விடுதிக்குள் நிகழும் தொற்று. ஒன்றை மூடி மற்றையதைத் திறந்து வைப்பதால் பயனில்லை.

1950களின் இறுதியில் பாபரும் அவருடன் பணியாற்றியோரும் இரண்டையும் ஒருங்கே மூட முயன்றனர். பெனிசிலினின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. குறுக்குத் தொற்றைத் தடுக்கும் முறைகளும் இறுக்கப்பட்டன. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளின் விகிதம் வீழ்ச்சியுற்றது. இதற்கு மாறாக, புதிய மருந்தை மட்டும் நம்பியதன் விளைவையும் அதே நாடு கண்டது. மெதிசிலின் 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கும் அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் பற்றி 1961இலேயே பற்றீசியா ஜெவன்ஸ் அறிக்கையிட்டார்.

கை கழுவ நேரமில்லாத விடுதி

விடுதியில் கிருமியைக் கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுசெல்லும் பிரதான வாகனம் பணியாளரின் கையே. இது தெரிந்த பின்னரும் கைகள் ஏன் கழுவப்படுவதில்லை? அசட்டை, அறியாமை என்று தாதியர்மீது பழிசுமத்துதல் எளிது. ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் டிடியே பிற்றே தலைமையில் நடைபெற்ற ஆய்வுகள் வேறொரு காட்சியைக் காட்டின. 1994இல், கை சுத்தம் செய்யவேண்டிய சந்தர்ப்பங்களில் நூற்றுக்கு 48இல் மட்டுமே அது செய்யப்பட்டது. வைத்தியர்கள் தாதியரிலும் பின்தங்கியிருந்தனர். வேலைப்பளு கூடக்கூட ஒழுங்கு குறைந்தது. நோயாளர் மிகவும் ஆபத்தான நிலையிலிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அது மிகத் தாழ்ந்திருந்தது.

மணித்தியாலத்துக்கு இருபது தடவைக்கு மேல் கை கழுவவேண்டிய தாதி, ஒவ்வொரு முறையும் நீர்க்குழாய்வரை நடந்து, சவர்க்காரமிட்டு, உலர்த்தித் திரும்புவதாயின் நோயாளரைக் கவனிக்க நேரம் எஞ்சாது. ஆகவே அறிவுரை மட்டும் போதவில்லை. வேலையின் ஒழுங்கே மாற்றப்பட்டது. அற்ககோல் கலந்த கரைசல் கட்டிலருகிலும் சட்டைப்பையிலும் கிடைக்கச் செய்யப்பட்டது. அதனைக் கையில் தேய்க்க அரை நிமிடம் போதும். 1997இல் ஒழுங்கு 66 வீதமாயிற்று. வைத்தியசாலைத் தொற்றுக்கு உள்ளாகியிருந்தோர் 1994இல் நூற்றுக்கு 16.9 ஆக இருந்து 1998இல் 9.9 ஆகக் குறைந்தனர். மெதிசிலினுக்கு அடங்காத கிருமியின் பரவலும் பாதிக்கும் கீழாயிற்று.

அற்ககோல் சர்வரோக நிவாரணியன்று. வித்திகளை உண்டாக்கும் கிருமிகளை அது அழிப்பதில்லை. அங்கு சவர்க்காரமும் நீருமே வேண்டும். கிருமி காவுவோரை முன்கூட்டியே சோதித்தறிதல், தனியறையில் வைத்தல், தேவையற்ற குழாய்களை உடலிலிருந்து விரைவில் அகற்றல், ஆய்வுகூட முடிவுக்கேற்ப மருந்தைக் குறுக்குதல் ஆகியனவும் உடன் அமையவேண்டும். இங்கிலாந்தில் மெதிசிலினுக்கு அடங்காத கிருமியாலான குருதித் தொற்றுகளை அறிக்கையிடுதல் 2001இல் கட்டாயமாக்கப்பட்டது. 2004இல் அவற்றைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. 2003-04இல் 7,700 அளவில் இருந்த அத்தொற்றுகள் 2008-09இல் 3,000க்கும் கீழ் இறங்கின. கணக்கெடுக்கப்படாதவரை தவிர்க்க முடியாதது எனக் கருதப்பட்ட தொற்று, கணக்கெடுத்துப் பொறுப்பு வகுத்தபின் தவிர்க்கக்கூடியதாயிற்று.

முடிவுரை

புதிய மருந்துகள் தேவையில்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆயின் எந்த மருந்தும் எத்தனை காலம் பயன்தரும் என்பது, அது வழங்கப்படும் விடுதியில் எத்தனை கட்டில்களுக்கு ஒரு தாதி, சுத்திகரிப்புத் தொழிலாளிக்கு எவ்வளவு நேரம், தவறைச் சுட்டிக்காட்டும் இளந்தாதிக்கு மூத்த வைத்தியர் செவிசாய்ப்பாரா என்பவற்றிலும் தங்கியுள்ளது. இவை மருத்துவத்துக்குப் புறம்பான நிர்வாக விடயங்கள் என ஒதுக்கப்படும்வரை, ஆய்வுகூடம் ஈட்டித்தருவதை விடுதி இழந்துகொண்டே இருக்கும்.