மாப்பிள்ளைச் சம்பாவும் மாத்திரையும்

"மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாமாங்க?"

என்னிடம் அரிசி வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தரங்கம்பாடி வட்டத்தில் மூன்று ஏக்கரில் இயற்கை முறையில் பாரம்பரிய நெல் போடுகிறேன். ஒன்பது வருஷமாக எனக்கும் சர்க்கரை இருக்கிறது. அதனால் விற்கிறவனாகவும் நோயாளியாகவும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: நிறுத்தக் கூடாது. நம் அரிசி நல்ல உணவு. ஆனால் அது மருந்து இல்லை.

நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி மீட்டுக் கொடுத்த விதைகள் இவை. சொல்லாத குணத்தை அவற்றின் மேல் ஏற்றி விற்றால், நம்பி வாங்கியவரின் கண்ணும் சிறுநீரகமும் கெடும். நம் இயக்கத்தின் பெயரும் சேர்ந்து கெடும்.

மடை திறக்கணும்

எந்தச் சோறும் செரித்தபின் குளுக்கோஸாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. அது உடம்பின் செல்களுக்குள் போக இன்சுலின் மடை திறந்துவிட வேண்டும். இன்சுலின் போதாமல் போனாலோ, சுரந்தும் வேலை செய்யாமல் போனாலோ, வாய்க்காலில் தண்ணீர் ததும்பும், வயல் காயும். சர்க்கரை நோய் என்பது இதுதான்.

தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம். அதே மாப்பிள்ளைச் சம்பாவை மில்லில் வெள்ளையாகத் தீட்டிவிட்டால் அந்தப் பலனும் குறைந்துபோகும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறவைதான். இயற்கை முறையில் விளைந்தது என்பதற்காகக் கணக்கில் வராமல் போகாது.

அளந்து பார்த்தால் தெரியும்

பூச்சி மருந்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அடிக்காமல், வயலில் இறங்கி நல்ல பூச்சி எத்தனை, கெட்ட பூச்சி எத்தனை என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கற்றவர்கள் நாம். உடம்பையும் அப்படித்தான் படிக்க வேண்டும். குளுக்கோமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளம் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து, என்ன சாப்பிட்டோம் என்பதோடு நோட்டில் எழுதுங்கள்.

தட்டு நிறையச் சம்பா சோறும் குழம்புமாகச் சாப்பிட்ட நாளில் எனக்கு 238 காட்டியது. சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பச்சைப்பயறும் மீனும் கூட்டியபோது 172. இரண்டு நாளும் ஒரே அரிசிதான், அளவுதான் வேறு. சாப்பிட்ட பின் 180-க்குள் இருப்பது பொதுவான இலக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் பலருக்கு 7-க்குள் இருக்கச் சொல்வார்கள். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து உங்கள் இலக்கை மருத்துவர் சொல்வார்.

இந்தப் படிப்பு வீண்போகாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் அது 39 ஆகக் குறைந்தது.

வயலில் கவனிக்க வேண்டியவை

சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு, சாப்பிடாமல் களை எடுக்கவோ வரப்பு வெட்டவோ போகாதீர்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் வெயில் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. பிறகு சாப்பிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குச் சொல்லுங்கள்.

அடுத்தது கால். பல வருஷச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். சேற்றில் நத்தை ஓடு கிழித்தாலும், அறுத்த தாள் குத்தினாலும் தெரியாது. தினமும் கரையேறியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கால் மரத்திருக்கிறதே என்று வெந்நீரில் வைக்காதீர்கள், சுடுவதும் தெரியாது. சின்னப் புண்ணானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கண் விழித்திரை, சிறுநீரகம், பாதம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும்.

தனியாள் வேலை இல்லை

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறது. அதை எதற்குப் போடுகிறோம், எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்கிற படிப்பை நாம்தான் நமக்குள் வளர்க்க வேண்டும்.

எங்கள் உழவர் குழுவின் மாதக் கூட்டத்தில், விதைக் கணக்கு முடிந்ததும் சர்க்கரை உள்ளவர்கள் நோட்டை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டுகிறோம். ஏறியிருந்தால் திட்டுவது கிடையாது. என்ன நடந்தது என்று மட்டும் கேட்போம். வீட்டில் உலை வைப்பவர்களும் உட்காருகிறார்கள், ஏனென்றால் சோற்றின் அளவு அடுப்படியில்தான் முடிவாகிறது. மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை மட்டும் கூட்டத்தில் பேசுவதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறோம். எழுதிய கணக்கு கையில் இருந்தால் அவருக்கும் முடிவெடுப்பது சுலபம்.

உங்கள் ஊர்க் குழுவிலும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு நோட்டோடு வாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.