மலைப்பாதையும் ரேடார்க் கண்ணும்

தேசத்தில் மோட்டார் வண்டிகள் பெருகுவதை அபிவிருத்தியின் அடையாளமென்று கூறுவோர் பலர். வண்டி பெருகப் பெருகச் சாவும் பெருகுமாயின், அவ்வபிவிருத்தி யாருக்கு என்னும் கேள்வி எழாமற் போகாது. 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. அவ்வருஷம் விபத்துக்களின் தொகையில் முதலிடம் பெற்றது நமது தமிழ்நாடு: 64,105. மரணத்தில் நமக்கு இரண்டாமிடம்: 17,884. முதன்மை பெறுவதற்குக் கல்வியும் கைத்தொழிலும் இருக்க, இத்துறையில் நாம் முதன்மை பெற்றது வெட்கப்படத் தக்கதேயாம்.

அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில், திருப்பத்தூரை அடுத்த புலியூர்க் கிராமத்தார் ஜவ்வாது மலையிலுள்ள கோயிலொன்றுக்கு வண்டியேறிச் சென்றனர். மலைப்பாதையில் வண்டி கட்டுக்கடங்காமற் போய்ப் பள்ளத்தில் உருண்டது. பதினொரு பேர் மடிந்தனர். பண்டிகை நாளில் தெய்வ தரிசனத்துக்குச் சென்றவர்கள் பிணமாய்த் திரும்பிய அச்செய்தியைப் பத்திரிகைகள் இரண்டு நாள் பேசின, பின்னர் மறந்தன. அம்மலையில் வாழும் ஜனங்கள் மறக்க முடியுமா? வைத்தியத்துக்கும் சந்தைக்கும் போளூருக்கோ, ஆலங்காயத்துக்கோ, திருப்பத்தூருக்கோ அவர்கள் அதே மாதிரியான வளைவுகளில்தானே இறங்கி ஏறவேண்டும்?

இந்நிலையில், வண்டிகளின் பம்பருக்குப் பின்னால் ரேடார்க் கருவி பொருத்துவதைப் பற்றி இப்போது எங்கும் பேச்சாயிருக்கிறது. விலையுயர்ந்த கார்களின் விளம்பரங்களில் இது பெரிய எழுத்தில் வருகிறது. இது செல்வர்களின் அலங்காரமா, அல்லது மலையேறும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் உதவும் சாதனமா? உதவுமாயின் எம்மட்டில் உதவும்? இவ்விஷயத்தைத் தேசாபிமானிகள் தெளிவாக அறிந்து கொள்வது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

போஸின் அலைகள்

முதலில் ஒரு சரித்திரத்தை நினைவூட்டுவோம். இந்த ரேடார்கள் பெரும்பாலும் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மின்காந்த அலைகளைக் கொண்டு வேலை செய்கின்றன. அவ்வலையின் நீளம் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இத்தனை சிற்றலைகளை உண்டாக்கி ஆராய்ந்த முன்னோடி யார்? கல்கத்தாப் பிரஸிடென்ஸிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த நமது ஜகதீச சந்திர போஸ் அவர்களே. 1894-ம் வருஷம் தொடங்கி அவர் ஐந்து மில்லிமீட்டர் வரையிலான அலைகளைத் தம் கையால் செய்த கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தார். 1895-ல் கல்கத்தாவில் அவர் நடத்திக் காட்டிய சோதனையில், கண்ணுக்குப் புலப்படாத அலைகள் சுவர்களைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. தமது கண்டுபிடிப்புக்களை விலைப்பொருளாக்க விரும்பாத அப்பெரியார், நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி மனுச் செய்ததன் பலனாக, 1904-ல் அமெரிக்கப் பேடண்ட் ஒன்று அவர் பெயரில் பதிவாயிற்று. அதே 1904-ல் ஜெர்மனியில் ஹுல்ஸ்மேயர் என்னும் இளைஞர், கொலோன் நகரில் ரைன் நதிப் பாலத்தின்மீது நின்று, வரும் கப்பலின்மேல் மின்னலை மோதித் திரும்புவதைக் கொண்டு அதன் வருகையை அறியும் கருவியை ஜனங்களுக்குக் காட்டினார். ரேடாரின் விதை அவ்விதம் ஊன்றப்பட்டது. இரண்டாவது உலக யுத்தம் அதை மரமாக்கிற்று. 1990-களின் இறுதியில் அது ஜெர்மானியக் கார்களின் முகப்பில் வந்து அமர்ந்தது.

கருவி காணும் விதம்

அலை ஒரு வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. முப்பது மீட்டர் தூரத்திலுள்ள லாரியில் மோதித் திரும்பி வர, ஒரு வினாடியை ஐம்பது லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு போதும். இவ்வளவு சிறு காலத்தை நேரே அளப்பது எளிதன்று. ஆகையால், கருவியானது தன் அலையின் அதிர்வை இடையறாது மேலேற்றிக் கொண்டே அனுப்புகிறது. திரும்பி வரும் அலை சற்று முந்திய அதிர்விலும், புறப்படும் அலை சற்று மேற்பட்ட அதிர்விலும் இருக்கும். இவ்விரண்டின் வித்தியாசமே தூரத்தைச் சொல்லிவிடும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்ச ஸ்தாயியிலும் விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்த ஸ்தாயியிலும் கேட்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதே நியாயப்படி, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டியிலிருந்து திரும்பும் அலையில், வினாடிக்கு 7,700 கோடி அதிர்வில் சுமார் 5,100 அதிர்வு கூடியிருக்கும். அவ்வளவு நுட்பமான வேற்றுமையையும் கருவி பிரித்தறிந்து, வருவது எத்தனை வேகத்தில் வருகிறதென்று கணக்கிடுகிறது.

2019-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் புதிய கார்களில் பின்னோக்கிச் செல்லும்போது எச்சரிக்கும் கருவி இருக்கவேண்டுமென்று சர்க்கார் கட்டாயப்படுத்தினர். பம்பரில் பொத்தான்கள்போல் தெரியும் அவை பெரும்பாலும் ஒலியலையைக் கொண்டு இயங்குபவை. ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கப்பால் அவற்றின் சக்தி குன்றும். ரேடாரோ பல பத்து மீட்டர் தூரம் காணும். மூடுபனியும் இருளும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஜவ்வாது மலைக்கு இது பெரிதும் பொருந்துவதாகும். காவலூரில் வானநூலார்க்கு இருளே தனம். பாதையெங்கும் விளக்குகள் மலிந்தால் அவர்கள் தொழில் கெடும். விளக்கில்லாத பாதையிலும் காணவல்ல கண் அங்கே வேண்டப்படுவதன்றோ?

பொருத்துவதில் உள்ள நுட்பம்

கருவியை வாங்குவது எளிது; பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. பின்புறத்து ரேடார்கள் பம்பரின் இரு மூலைகளிலும் வெளிப்புறமாகச் சாய்த்து அமைக்கப்படுகின்றன. ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் விழாத மறைவிடத்தை அவை காவல் காக்கின்றன. அவை பம்பரில் தொங்கக்கூடாது; வண்டியின் சட்டத்தோடு உறுதியான தாங்கியில் இணைக்கப்படவேண்டும். இல்லையேல் பம்பர் ஆடும்போதெல்லாம் கண்ணும் ஆடும். இரண்டே பாகை பிசகினால் நூறு மீட்டர் தூரத்தில் மூன்றரை மீட்டர் பிசகும்; அது சாலையில் ஒரு வண்டி செல்லும் வரிசையின் அகலம்! வேறு வரிசையில் வருபவனைக் கண்டு கூச்சலிட்டு, நேரே வருபவனைக் காணாது விடும் காவலாளியால் என்ன பயன்?

அடுத்தது பம்பரின் தோல். இப்போதைய பம்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அலை அதன் வழியே ஊடுருவும். ஆயினும் அதன் கனம் அளவாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக்கினுள் அலையின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. தோலின் கனம் அதில் பாதியின் மடங்குகளாக அமைந்தால், முன்பக்கத்தில் மோதித் திரும்பும் அலையும் பின்பக்கத்தில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக் கொள்ள, பெரும்பகுதி வெளியே செல்லும். அளவு தவறினால் அலை உள்ளேயே திரும்பிக் கருவியைக் குழப்பும்.

நமது ஊர்ப் பட்டறைகளில் நடப்பதைப் பாருங்கள். பம்பரில் கீறல் விழுந்தால் பட்டி வைத்துத் தேய்த்து, அதன்மேல் இரண்டு மூன்று பூச்சுப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். மினுமினுக்கும் பெயிண்டில் உலோகத் துகள் உண்டு; அது அலையை விழுங்கும். பட்டி கனத்தை மாற்றும். ஆசைக்கு ஒட்டும் உலோகத்தாளும், எண்ணெயில் ஊறிய சேறும் அவ்வாறே. இரும்புக் காப்புக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அது கண்ணின்மேல் கட்டிய பட்டை. அத்தகைய கம்பிகளைக் கார்களில் மாட்டுவது சட்ட விரோதமென்று மத்தியப் போக்குவரத்து அமைச்சு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிற்று. எழுதியும் என்ன? சாலையில் நின்று எண்ணிப் பார்ப்பவர்க்கு உண்மை விளங்கும்.

ஆகவே, பம்பரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் கருவியின் திசையைத் திரும்பச் சோதித்தல் வேண்டும். பெயிண்டரும் டிங்கரும் இவ்வித்தையை அறியாதிருக்கும் வரையில், விளக்கு எரிகிறது என்பதால் கண் காண்கிறது என்று நம்பி ஏமாறுவோம். இல்லாத காவலை உண்டென்று நம்புவது, காவலே இல்லாமல் இருப்பதினும் கொடிது.

காணாதது எது?

இனி, இக்கருவியின் எல்லையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ரேடார் எதிலேனும் மோதித் திரும்பும் அலையையே காணும். பாறை உண்டு, லாரி உண்டு, மாடு உண்டு என்று சொல்லும். மனிதனையும், லாரியைவிட மங்கலாயினும், காணும். ஆனால் பள்ளத்தில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? பாதை முடிந்து பாதாளம் தொடங்கும் இடத்தில் அலை வெறுமையிற் சென்று மறையும். வெட்டவெளியான நல்ல சாலைக்கும், விளிம்பிடிந்த பள்ளத்துக்கும் அதற்குப் பேதம் தெரியாது. அலை நேர்கோட்டில் செல்வதால், கொண்டையூசி வளைவுக்கு அப்பால் வருவதையும் அது அறியாது. மலைச்சுவர் அருகே நெருங்கினால் வீண் எச்சரிக்கையும் செய்யும்.

புலியூர் மக்களைக் கொன்றது பள்ளம். எத்தனை ரேடார் இருந்தாலும் அப்பள்ளத்தை அது காட்டியிராது. ‘விஞ்ஞானம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று அதிகாரிகள் கை கழுவ முற்படுவார்களாயின், அதற்கு நாம் சம்மதியோம். பள்ளத்தின் ஓரத்தில் கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய கைப்பிடிச் சுவர் செய்யும் வேலையை எந்தச் சில்லும் செய்யாது. போதிய பஸ் இல்லாத இடங்களில் ஜனங்கள் சரக்கேற்றும் வண்டிகளில் நெருக்கியடித்துக் கொண்டு போகிறார்கள். அவர்கள் சட்டம் அறியாமல் ஏறவில்லை. வேறு வழியறியாமல் ஏறுகிறார்கள்.

அப்படியானால் ரேடார் வேண்டாமா? வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். பஸ் நிலையத்தில் பின்வாங்கும் வண்டிக்குப் பின்னே நிற்கும் கிழவி, லாரியின் பக்கத்து மறைவில் சைக்கிளில் வரும் மாணவன், இருளில் சாலையோரம் நிற்கும் மாடு ஆகிய இவர்களைக் காக்க அது வல்லது. எதற்கு எது மருந்தென்று அறிந்து கொடுப்பவனே வைத்தியன்.

சுதேசியத்தின் கேள்வி

இன்னொரு விஷயம். போஸ் பிறந்த தேசத்தில் இக்கருவியின் உயிரான சில்லுகளை அந்நியரிடமிருந்தே பெரும்பாலும் வாங்குகிறோம். திறமை இல்லாமலா? 2016-ல் பெங்களூரில் ஸ்டெரேடியன் என்னும் கம்பெனி தோன்றி, ரேடார்ச் சில்லுகளை இங்கேயே வடிவமைத்தது. 2022-ல் ஜப்பானியக் கம்பெனியாகிய ரெனெஸாஸ் அதை விலைக்கு வாங்கிக் கொண்டது. வாங்கியவரை நாம் குறை கூறவில்லை. நம்மவரின் மூளை முளைவிடும் சமயத்தில் நீரூற்ற நம் நாட்டு முதலாளிகள் முன்வராதது ஏன் என்பதே நமது கேள்வி.

இதற்கு விடை ஜவ்வாது மலையின் உச்சியிலேயே இருக்கிறது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தின் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதன் பெருங்கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் ஸ்தாபனத்தாரே. வைணு பாப்பு என்னும் ஒருவரின் விடாமுயற்சி அதற்கு வித்து. பல கோடி மைல்களுக்கப்பாலுள்ள நட்சத்திரத்தைக் காணும் கண்ணை நாமே செய்து அம்மலைமேல் வைத்தோம். அம்மலையில் ஏறும் பஸ்ஸின் முதுகில் ஒரு கண் வைக்க நம்மால் ஆகாதென்று யார் சொல்வது?

செய்யவேண்டியவை

முதலாவது, மலைப்பாதைகளில் செல்லும் அரசாங்க பஸ்களுக்குப் பின்புற ரேடாரும், பக்க மறைவைக் காட்டும் எச்சரிக்கையும் முதலில் பொருத்தப்படவேண்டும். செல்வர் காருக்கு வந்த பிறகு ஏழை பஸ்ஸுக்கு வரட்டும் என்பது முறையன்று. ஒரு பஸ்ஸில் ஐம்பது உயிர் இருக்கிறது. இரண்டாவது, திருப்பத்தூர், திருவண்ணாமலை முதலிய ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் பட்டறைத் தொழிலாளர்க்கு, இக்கருவியைப் பொருத்தவும் சோதிக்கவும் தமிழிலேயே கற்பிக்கவேண்டும். மூன்றாவது, வண்டிகளின் தகுதிச் சான்றுக்கான பரிசோதனையில் ரேடாரின் திசையும் பம்பரின் நிலையும் பார்க்கப்படவேண்டும். நான்காவது, ஆனால் காலத்தால் முதலாவது, பள்ளத்தோரச் சுவர்களும் போதிய பஸ்களும். இவற்றிற்கு எந்த விஞ்ஞானத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது நம்மவர் வழக்கமாய்விட்டது. விபத்து நேர்ந்தபின் அனுதாபச் செய்தியும் உதவித் தொகையும் விரைந்து வருகின்றன; சுவரும் பஸ்ஸும் மெதுவாய் நடந்து வருகின்றன. இம்முறையை மாற்றும் பொறுப்பு சட்டசபை அங்கத்தினர்க்கு மட்டும் உரியதன்று. ஊர்தோறும் உள்ள ஊழியர்கள் தங்கள் பக்கத்துப் பாதையில் சுவரில்லாத வளைவு எத்தனை, பஸ் போகாத கிராமம் எத்தனை என்று எண்ணிக் கணக்கெடுத்து அதிகாரிகள் முன் வைப்பார்களாக. அக்கணக்கு கைக்கு வந்தபின், அறியவில்லை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் இடமிராது.