நன்னூலின் வினா-விடை நெறியும் நிரலாக்கப் பயில்குழுக்களின் ஒழுகலாறும்

ஆய்வுச் சுருக்கம்
கணினி நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்போர், குழுவாகக் கூடித் தம் ஐயங்களை வினவித் தெளியும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இக்குழுக்கள் வினவுவோர்க்கும் விடையளிப்போர்க்கும் சில நெறிகளை வகுத்துள்ளன. அந்நெறிகளை, நன்னூல் கூறும் கற்றல், கற்பித்தல், வினா, விடை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அவை ஒன்றும் இடங்களையும் வேறுபடும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

முதன்மைச் சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், வினா, விடை, நிரலாக்கம், கட்டற்ற மென்பொருள், புதுச்சேரி.

முன்னுரை
புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அண்மையிலுள்ள விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இயங்கி வருகின்றன. டெபியன் இயங்குதள ஆர்வலர்களின் தமிழ்நாட்டு மாநாடு 2023 சனவரியில் விழுப்புரத்தில் நடைபெற்றது. இவ்வட்டாரத்தில் நிரலாக்கம் பயில வருவோருள் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர்களும் உளர். நிரல்மொழியின் சொற்களும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்தில் அமைகின்றன. ஆகவே இவர்களுக்கு ஐயத்தைச் சொற்களில் வடிப்பதே முதல் தடையாகின்றது. எவ்வாறு வினவுவது என்பது இங்கு நாகரிகம் பற்றிய செய்தி மட்டுமன்று. யார் தொடர்ந்து கற்பார், யார் இடையில் நின்றுவிடுவார் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவேயாகும்.

வினவுமுன் செய்வன
13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல் பயிலும் இயல்பை வரிசைப்படுத்துகின்றது. வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரைச் சார்ந்து மீளக் கேட்டல், உடன்பயில்வோரோடு பழகுதல் ஆகியவற்றின் பின்னரே வினாதலும் வினாயவற்றுக்கு விடையளித்தலும் வைக்கப்பட்டுள்ளன. முயற்சி முன்னும் வினா பின்னும் நிற்கும் முறை இது.

இம்முறையை இணைய உலகமும் தனியே கண்டடைந்தது. 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்னும் பிணைய ஒழுக்க ஆவணம், ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஓரிரு திங்கள் அதன் உரையாடல்களைப் படித்து, அதன் பண்பாட்டை உணருமாறு அறிவுறுத்தியது. இதனை வழக்கறிதல் எனலாம். எரிக் ரேமண்ட் 2001இல் வெளியிட்ட, வினவும் முறை பற்றிய வழிகாட்டி, வினவுமுன் தாமே தேடிப் பார்த்தலையும், பார்த்தவற்றை வினாவிலேயே குறிப்பிடுதலையும் வலியுறுத்தியது.

சான்றாக, “என் நிரல் இயங்கவில்லை” என்பது விடை பெறத்தக்க வினாவன்று. எழுதிய நிரல், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, பிழைச்செய்தியின் முழு வாசகம் ஆகிய நான்கும் வேண்டும். பைத்தான் மொழியில் வரித்தொடக்க இடைவெளியே நிரலின் அமைப்பைத் தீர்மானிக்கும். எனவே நிரலை ஒளிப்படமாக அனுப்பாது எழுத்தாகவே அனுப்ப வேண்டும். அப்போதுதான் பிறர் அதனை இயக்கிப் பார்க்க இயலும்.

விடையளிப்போர் இயல்பு
கற்பிப்போர் விரைதலும் வெகுள்தலும் இன்றி, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கொள்வோன் கொள்ளும் வகையறிந்து உரைக்க வேண்டும் என்பது நன்னூலின் கருத்து. நியூயார்க்கில் இயங்கும் ரிகர்ஸ் மையம் என்னும் நிரலாக்கப் பயிலகத்தின் விதிகளுள் ஒன்று இதனோடு ஒப்பிடத்தக்கது. “இதுகூடத் தெரியாதா?” எனப் பொய்யாக வியத்தலை அவ்விதி விலக்குகின்றது. அவ்வியப்பு வினவியவருக்கு எதனையும் கற்பிப்பதில்லை; அடுத்த வினாவை அவர் உள்ளத்திலேயே அடக்கிவிடுகின்றது.

விடையளித்தலால் விடையளிப்பவரும் பயன்பெறுவர். ஆசிரியர் உரைக்கக் கொள்வது காற்பங்கு, உடன்பயில்வோரோடு பயில்வதால் வருவது காற்பங்கு, பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைப்பங்கு என நன்னூல் பகுக்கின்றது. அவ்வாறாயின், தொடக்க நிலையினரின் வினா குழுவுக்குச் சுமையன்று. மூத்தோரின் புலமை நிறைவுறும் வாயிலாகும்.

ஏவல் விடையும் சுட்டு விடையும்
நன்னூல் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுக்கின்றது. முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடைப்பொருளைத் தருவன. நிரலாக்கக் குழுக்களில் நெடுங்காலமாகப் பழகிவந்த “கையேட்டைப் படி” என்னும் மறுமொழி, வடிவால் ஏவல் விடையை ஒத்தது. ஆயினும் ஏவல் விடையில் கேட்போன் விடைப்பொருளை உய்த்துணர இயல வேண்டும். எந்தக் கையேடு, எந்தப் பகுதி என்று அறியாதவனிடம் அதனைக் கூறின், விடைப்பொருள் அவனைச் சென்றடைவதில்லை. “உன் ஐயத்துக்கு விளக்கம் இக்கையேட்டின் இப்பகுதியில் உள்ளது” என்று கூறின், அது சுட்டு விடையாகிவிடுகின்றது. இரண்டிலும் விடையளிப்போர் கையேட்டையே காட்டுகின்றனர். அவர் கூடுதலாகச் செலவிடுவது ஒரு தொடர் மட்டுமே.

வேறுபடும் இடம்
கற்பிக்கத் தகாதவர் என நன்னூல் பட்டியலிடுவோருள் மந்தனும் இடம்பெறுகின்றான். ஆசிரியர் மாணாக்கரைத் தெரிந்தெடுத்த மரபில் எழுந்த விலக்கு இது. யாவர்க்கும் திறந்த பயில்குழு இதனை ஏற்றுக்கொள்ள இயலாது. அயல்மொழியில் தடுமாறி எழுதும் ஒருவர், ஐயத்தில் கூர்மையுடையவராயினும், மந்தனாகவே கருதப்படக்கூடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தினர், புதியவர்கள் உள்ளிட்ட பலர் தம் தளத்தை வரவேற்பற்ற இடமாக உணர்வதை 2018 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் கருவகத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்காக வருத்தம் தெரிவித்தார். கருவகத் திட்டமும் புதிய நடத்தை நெறியை ஏற்றது.

முடிவுரை
முயன்றபின் வினவுதல், வெகுளாது விடையளித்தல், பிறர்க்குரைத்துத் தாம் நிறைதல் ஆகிய மூன்றிலும் நன்னூலும் இன்றைய பயில்குழுக்களும் ஒன்றுபடுகின்றன. கற்போரைத் தெரிந்து விலக்குவதில் வேறுபடுகின்றன. எனவே, புதுச்சேரி போன்ற ஊர்களில் இயங்கும் பயில்குழுக்கள், பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் உள்ளவாறே தந்து, ஐயத்தைத் தமிழில் வினவலாம் என்பதைத் தம் நெறிகளுள் ஒன்றாக அறிவிப்பது பொருந்தும். வினவுவோர் தம் முயற்சியைக் காட்டுதலும், விடையளிப்போர் சுட்டு விடை தருதலும் அதனோடு சேருமாயின், மொழித் தடுமாற்றம் அறியாமையாகக் கருதப்படும் நிலை குறையும்.