கார்பன் தூளும் ஏர்பஸ்ஸும்

மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சார், கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஓய்வு நேரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுவேன். ஏ320 ஆட்-ஆன் போட்டிருக்கிறேன். மீனம்பாக்கத்தில் டேக்-ஆஃப் ஆகும்வரை எல்லாம் சரி. ஆயிரத்து ஐந்நூறு அடி தாண்டியதும் திரையின் மேலே ‘எல்.வி.ஆர். சி.எல்.பி.’ என்று மின்னுகிறது. த்ராட்டில் லிவரைப் பின்னால் இழுத்தால் சில நாள் அடங்குகிறது, சில நாள் அடங்குவதில்லை. வேகம் எகிறி ஃப்ளாப் எச்சரிக்கை மணி அடிக்கிறது. அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டேன். ஆட்-ஆனில் பக் இருக்கிறது என்கிறான் தம்பி. உண்மையா?”

தம்பி சொல்வதை உடனே நம்ப வேண்டாம். இந்த ஆட்-ஆன்களில் பக் இல்லாமல் இல்லை. புது வெர்ஷன் வந்த வாரம் விமானம் தரையில் நின்றபடியே குதிக்கும் கூத்தெல்லாம் நடக்கும். ஆனால் இவர் சொல்லும் அறிகுறிகளில் ஒன்று முக்கியமானது: சில நாள் அடங்குகிறது, சில நாள் இல்லை. நிரலில் பிழை இருந்தால் அது பெரும்பாலும் ஒரே மாதிரி தினமும் வரும். நாளுக்கு ஒரு புத்தி காட்டுவது வன்பொருளின் குணம். சந்தேகம் முதலில் போகவேண்டியது மேஜை மேல் இருக்கும் பிளாஸ்டிக் லிவர் மீது.

ஏன் என்று புரிய, நிஜ ஏ320-ன் லிவர் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். அந்த லிவரிலிருந்து இஞ்சினுக்குக் கம்பி எதுவும் போவதில்லை. லிவர் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்ற எண் மட்டும்தான் போகிறது. சும்மா சுழலும் நிலை 0 டிகிரி. மேலேறுவதற்கான ‘சி.எல்.’ 25. அதற்கு மேல் 35-ல் ஒன்று; கடைசியாக முழு உந்துவிசைக்கான ‘டோகா’, 45. இந்த இடங்களில் உள்ளே பள்ளம் வெட்டியிருப்பதால், விமானி கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் லிவர் ‘டக்’கென்று உட்காரும். 35-லோ 45-லோ வைத்துத்தான் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும். வழக்கமாக 1,500 அடியில் அந்த எழுத்துகள் மின்னத் தொடங்கும். லிவரை சி.எல். பள்ளத்துக்குக் கொண்டுவா என்று அர்த்தம். கொண்டுவந்து விட்டால், உந்துவிசையைக் கணினியே கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ த்ரஸ்ட்’ பொறுப்பேற்றுக்கொள்ளும். பிறகு ஓடுபாதைக்கு இருபது அடி உயரம்வரை லிவரைத் தொடவே வேண்டியதில்லை. போயிங்கில் கணினி கூட்டிக் குறைக்கும்போது லிவரும் மோட்டாரால் முன்னும் பின்னும் நகரும். ஏர்பஸ்ஸில் அசையாது, கணினி உள்ளுக்குள் என்ன செய்தாலும் லிவர் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு இஞ்சினும் ஓடும்போது, லிவர் 0-க்கும் 25-க்கும் நடுவில் இருந்தால் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யலாம். 25-ஐத் தாண்டினால் அது தயார் நிலையில் கைகட்டி நிற்கும். இஞ்சின் லிவர் சொன்னபடி ஓடும். ஆக 25 என்பது அளவு மட்டுமல்ல, அதிகாரம் கைமாறும் எல்லை. எல்லைக்கு இந்தப்பக்கம் கணினி, அந்தப்பக்கம் மனிதன். மயிரிழை தாண்டினாலும் தாண்டியதுதான்.

பழைய வீடுகளில் ஃபேனுக்கு ஒரு கனமான ரெகுலேட்டர் டப்பா இருக்குமே, ‘டொக் டொக்’ என்று ஐந்து இடத்தில் நிற்கும். நள்ளிரவில் கரண்ட் போய் வந்தாலும் சத்தத்தை எண்ணியே மூன்றில் வைத்துவிடலாம். இப்போது வருவது வழவழவென்று சுழலும் குமிழ். ஏர்பஸ் லிவர் முதல் ரகம், வாசகரின் மேஜையில் இருப்பது இரண்டாவது. இப்போது ஃபேனுக்குள் ஒரு புத்திசாலி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குமிழ் நாலில் இருந்தால், ‘வெக்கையைப் பார்த்து நானே கூட்டிக் குறைக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்’ என்பான். ஐந்தில் வைத்தால், ‘உங்கள் இஷ்டம்’ என்று ஒதுங்கிக்கொள்வான். நாலுக்குக் கொஞ்சம் மேலே, நாலே கால் வீசத்தில் குமிழ் நின்றால்? அவனைப் பொறுத்தவரை அது நாலு இல்லை. ஒதுங்குகிறான். ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுகிறது. சுவர் காலண்டர் படபடக்கிறது, தாத்தா போர்வைக்குள்ளிருந்து யாரையோ திட்டுகிறார். பேரன் எழுந்து வந்து குமிழைப் பார்த்து, “நாலில்தானே இருக்கிறது!” என்று சத்தியம் செய்கிறான். அவன் கண்ணுக்கு நாலு. ஃபேனுக்கு நாலு அல்ல. வீட்டில் சண்டை மூள்கிறது. வாசகரும் தம்பியும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, நாலே கால் வீசம் எங்கிருந்து வருகிறது? விலை குறைந்த லிவருக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். அரைவட்டமாகப் பூசிய கார்பன் தடம், அதன் மேல் உரசிப் போகும் ஓர் உலோக நாக்கு. நாக்கு எங்கே தொடுகிறதோ அதற்கேற்ற வோல்டேஜ் வெளியே வரும். அதை ஒரு சிப் எண்ணாக மாற்றுகிறது. பத்து பிட் சிப் என்றால் ஐந்து வோல்ட்டை 1,024 படியாக நறுக்கும். படிக்கு ஐந்து மில்லிவோல்ட்கூட இல்லை. தடத்தில் ஒரு துளி அழுக்கு, தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூள், யு.எஸ்.பி. மின்சாரத்தில் ஒரு சின்ன நடுக்கம், எதுவும் அந்த எண்ணை நாலைந்து படி தூக்கிப்போடப் போதும். சிமுலேட்டரின் கேலிபிரேஷன் திரையைத் திறந்து, லிவரைத் தொடாமல் எண்ணை மட்டும் பாருங்கள். 0.04, 0.05, 0.03, மறுபடி 0.05 என்று கொசு மாதிரி துடித்துக்கொண்டிருந்தால் திருடன் அகப்பட்டான். சி.எல். பள்ளத்தின் மேல் எல்லை 0.04 என்று குறித்து வைத்திருந்தால், விமானம் ஒரு நொடியில் பல தரம் பள்ளத்துக்குள் விழுந்து எழுகிறது.

தூள் வேறெங்கும் சேராமல் சி.எல். பக்கம் சேர்வதற்கும் காரணம் உண்டு. லிவர் பெரும்பாலும் நிற்பது அந்த இடத்தில். மேஜையின் அதிர்விலும் கையின் சின்னச் சின்னத் திருத்தத்திலும் அங்கேதான் தடம் அதிகம் தேய்கிறது. பழைய கார் மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த கதை: த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மீட்டரில் போட்டுப் பார்த்தால், வண்டி வழக்கமாக ஓடும் வேகத்துக்கான இடத்தில்தான் முள் துள்ளும்.

வாசகர் வேலை செய்யும் வட்டாரத்தில் இது அன்றாட விஷயமாகவும் இருக்கலாம். 1999-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து ஐகான் வந்த காலத்தில் ஆக்ஸிலேட்டர் என்றால் ஒரு கேபிள். 2022-ல் அந்த ஆலை கார் உற்பத்தியை நிறுத்தியபோது, பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கேபிள் போய் எண்தான் போய்க்கொண்டிருந்தது, ஏர்பஸ் மாதிரியே. ஆனால் கார்க்காரர்கள் ஒரு சென்சாரை நம்புவதில்லை. பெடலுக்குள் இரண்டு வைப்பார்கள். பல கார்களில் ஒன்று காட்டும் வோல்டேஜ் மற்றதைப் போல இரண்டு மடங்கு. இஞ்சின் கணினி இரண்டையும் ஓயாமல் ஒப்பிடும். கணக்கு இடித்தால் வேகத்தைக் கட்டிப்போட்டு, டாஷ்போர்டில் விளக்கைப் போட்டுவிடும். ஏ320-லும் அப்படியே: லிவருக்கு இரண்டு உணரிகள், இஞ்சின் கணினியின் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாக. இரண்டும் முரண்பட்டால் எதை எடுத்துக்கொள்வது என்று எழுதிவைத்த விதி உண்டு. ‘அச்சு அசல் விமானம், ஒவ்வொரு ஸ்விட்சும் வேலை செய்யும்’ என்று விளம்பரம் செய்யும் ஆட்-ஆனுக்குள் இந்த ஏற்பாடெல்லாம் அழகாக வரைந்திருக்கும். ஆனால் அதற்குக் கிடைப்பது ஒற்றைக் கார்பன் தடத்தின் ஒற்றைச் சாட்சி. பொய் சொன்னாலும் மறுக்க ஆளில்லை.

துடிக்கும் எண்ணை அடக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பள்ளத்துக்குள் நுழைய ஓர் எல்லை, வெளியேற இன்னொரு எல்லை என்று வைத்துவிடுவது. 0.04-க்குக் கீழே வந்தால் உள்ளே, ஆனால் 0.07-ஐத் தாண்டினால்தான் வெளியே. நடுவில் எவ்வளவு ஆடினாலும் முடிவு மாறாது. இதை மின்சுற்றாகச் செய்தவர் ஒட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர், 1930-களில். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது கணவாயின் நரம்பை! நரம்பு அரைகுறையாகத் துடிப்பதில்லை, ஓர் அளவு தாண்டினால் முழுசாகத் துடிக்கும். அந்தப் பிடிவாதத்தை வால்வுகளைக் கொண்டு செய்து பார்த்தார். இன்றும் சிப்புகளில் அவர் பெயரில் இந்தச் சுற்று இருக்கிறது. ஆட்-ஆன்களில் ‘டெட் ஸோன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது இதே அளவுக்கு நேர்த்தி இல்லை, எல்லையை அகலப்படுத்துவதோடு சரி. ஆனாலும் பலன் உண்டு.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. சிமுலேட்டரைக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஆர்கன் செய்யும் தொழிற்சாலைக்காரரின் மகன் எட்வின் லிங்க், 1929-ல் ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே ஆடும் விமானப் பெட்டி செய்தார். 1934-ல் தபால் விமானிகள் அடுத்தடுத்து விழுந்து செத்தபிறகு ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டரை 1982-ல் வெளியிட்டது. போதும்.

இந்த வரலாற்றைவிட வாசகர் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியது 1990 பிப்ரவரி 14-ல் நடந்தது. பம்பாயிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அப்போது நம் நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஏ320. ஓடுபாதைக்கு முன்னாலேயே ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் கடைசிக் கட்டத்தில் ‘ஐடில் ஓப்பன் டிசென்ட்’ என்ற நிலையில் இருந்தது. அந்த நிலையில் கணினி இஞ்சினைச் சும்மா சுழல விட்டுவிட்டு, மூக்கைத் தாழ்த்தி உயர்த்தி வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். மூக்கு தூக்கினால் வேகம் வடியும், அதை ஈடுகட்ட இஞ்சின் வராது. இறங்கும் வேகத்துக்கான குமிழுக்குப் பதில் உயரத்துக்கான குமிழைத் திருகியிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விசாரணை, விமானிகள் உடனே லிவரை முன்னால் தள்ளவில்லை என்றது. நான் அதோடு நிற்க மாட்டேன். போயிங்காக இருந்தால் இஞ்சின் அடங்கும்போது லிவரும் பின்னால் வந்து கையில் இடித்திருக்கும். இங்கே லிவர் இருந்த இடத்திலேயே இருந்தது. இஞ்சின் உறங்குகிறது என்று சொல்ல, திரையின் மேல் ஓரத்தில் சில எழுத்துகள் மட்டும். வாசகரின் திரையில் மின்னுகிறதே, அதே பட்டைதான். வீட்டு சிமுலேட்டரில் தலைகீழாக விழுந்தால் ‘ரீஸ்டார்ட்’ அழுத்தலாம். இவற்றில் ஓட்டிப் பழகியவர் நிஜ விமானத்தை இறக்கிவிடலாம் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். வீட்டு மேஜையில் பறந்த ஒரு மணி நேரம்கூட அதில் சேராது. அந்த விதியில் எனக்குக் குறையே இல்லை.

இனி வைத்தியம். ஆட்-ஆனை அழிப்பதை நிறுத்துங்கள். பல ஆட்-ஆன்கள் பழைய கேலிபிரேஷன் கோப்பை அப்படியே வைத்திருக்கும், ஆகவே திரும்ப நிறுவினாலும் அதே வியாதி வரும். முதலில் சிமுலேட்டரின் கன்ட்ரோல் பட்டியலில் பாருங்கள்: கேம் கன்ட்ரோலர் வேறு செருகியிருந்தால் அதற்கும் த்ராட்டில் வேலையைத் தானாகக் கொடுத்திருக்கும். இரண்டு கை ஒரே லிவரைப் பிடித்து இழுக்கிற கதை. அதை அழித்துவிட்டு, பழைய கேலிபிரேஷனைத் துடைத்துப் புதிதாகச் செய்யுங்கள். சி.எல். இடத்தில் லிவரை நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, எண் எவ்வளவு தூரம் அலைகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்த அலைச்சலைவிடக் கொஞ்சம் அகலமாக எல்லை வையுங்கள். லிவரின் பக்கவாட்டில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் துண்டை ஒட்டினால் கைக்கும் அடையாளம் தெரியும். வேறு ஆட்-ஆன்கள் மோதுகின்றனவா என்ற சந்தேகம் மிச்சமிருந்தால், எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுக்கவேண்டாம். பாதியை வெளியே எடுத்துப் பாருங்கள். குற்றவாளி இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். முப்பத்திரண்டில் ஒன்றைப் பிடிக்க ஐந்து தரம் போதும்.

அப்படியும் எண் துள்ளினால் லிவரைத் திறக்கவேண்டியதுதான். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, லிவரை இருபது தரம் முன்னும் பின்னும் ஆட்டினால் சில மாதத்துக்குத் தாங்கும். தடமே தேய்ந்திருந்தால் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றவேண்டும். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் ரகம் கிடைத்தால் உத்தமம். எட்வின் ஹால் 1879-ல் கண்ட விளைவு, உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. சாதாரண ரகம் போதும் என்றால், பழையதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போங்கள். ‘பி 10 கே’ என்று இருந்தால் அதையே கேளுங்கள். கடைக்காரர் அவசரத்தில் ‘ஏ 10 கே’யை எடுத்துக் கொடுப்பார். அது ரேடியோ வால்யூமுக்கானது. தடம் சீராக ஏறாது, பாதி தூரம் தள்ளியும் எண் அசைந்திருக்காது, கடைசியில் ஒரே தாவாகத் தாவும்.