'மாலிஸ்' என்னும் சொல்லும் காழ்ப்பும்

ஆங்கிலத்து 'மாலிஸ்' என்னும் சொல்லுக்குக் 'காழ்ப்பு' என்னும் ஒரு சொல்லே போதுமா என்பதை ஈண்டு ஆராய்வோம். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய மறைமலையடிகளின் (1876–1950) பெயர் தாங்கிய மறைமலை நகர், இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். அத்தகைய ஊரில் பணிநீக்க வழக்கொன்றன் உரை தமிழாக்கப்படுங்கால், இவ்வினா ஏட்டளவில் நில்லாது ஒருவர் வாழ்வையே தொடும்.

'தீய' எனப் பொருள்படும் இலத்தீன் 'மலுஸ்' என்பதன் வழிவந்தது மாலிஸ். உலக வழக்கில் அது பிறர்க்குத் தீங்கு விழையும் மனத்தைக் குறிக்கும்.

தமிழிலோ இம்மனநிலை பல படியாகப் பகுக்கப்பட்டுள்ளது. கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள் தருதலைத் தொல்காப்பியர் உரியியலுள் சுட்டினார். கறுவு அவ்வழி வந்தது. இகல் மாறுபாடு, செற்றம் நெடிது நிற்கும் சினம். காழ் என்பது மரத்தின் வயிரம்; ஆதலின் காழ்ப்பு, நாட்பட்டு இறுகிய பகை. வள்ளுவரும் பகைத்திறந்தெரிதலில் முதிர்ந்த முள்மரத்தைப் பகைக்கு உவமையாக்கினார். எனவே செற்றத்திற்கும் காழ்ப்பிற்கும் காலநீட்சி இன்றியமையாதது.

சட்டத்து மாலிஸுக்கோ அந்நீட்சி வேண்டுவதில்லை. 1825இல் 'புரோமேஜ் எதிர் பிராசர்' என்னும் இங்கிலாந்து வழக்கில் நீதிபதி பேய்லி, நேரிய காரணமின்றி வேண்டுமென்றே செய்யும் தவறான செயலே சட்டத்து மாலிஸ் என விளக்கினார். முன்பின் அறியாத ஒருவனை உயிர்போக அடிப்பவனிடத்தும் அஃது உண்டு என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. பொய்வழக்குத் தொடுத்தமைக்கு இழப்பீடு கோரும் வழக்கிலும், நீதி நாடாத பிறிதொரு நோக்கமே மாலிஸ் எனக் கொள்ளப்படும். வெறுப்பு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கொலையை வரையறுத்தபோது இச்சொல்லையே விலக்கிக் கருத்தையும் அறிவையும் கூறியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விடங்களிலெல்லாம் 'காழ்ப்பு' எனப் பெயர்ப்பின், தீங்குற்றவர் இல்லாத பழம்பகையை மெய்ப்பிக்க வேண்டியவராவர். தீங்கு செய்தவரோ, "எனக்கு அவர்மேல் பகை இல்லை" என்னும் ஒரு சொல்லால் தப்புவர்.

ஆகலின், உள்ளத்துப் பகை குறிக்குமிடத்துக் காழ்ப்பு அல்லது செற்றம் எனவும், முறையற்ற நோக்கம் குறிக்குமிடத்துத் தீநோக்கம் எனவும், காரணமின்றித் தீங்கு செய்யத் துணிதலைக் குறிக்குமிடத்துத் தீங்கெண்ணம் எனவும் ஆளுதல் பொருந்தும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுதலினும், பொருளிடம் நோக்கிச் சொல் தெரிதலே மொழிபெயர்ப்புக்கு முறையாம்.